இருபது டிகிரி அறை

அக்டோபர் 3, வெள்ளி

மேற்படிப்புக்காகப் பிரவுன்ஷ்வைக் வந்து சேர்ந்தேன். ஜெர்மனி என்று சொன்னார்கள், ஊரே பூட்டிக் கிடக்கிறது. காவிரித் தகராறு வந்தால் கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளியோடு பஸ் நின்று ஓசூர் இப்படித்தான் விறைத்துக் கிடக்கும். பயந்துபோய் அறைத்தோழி சுப்ரியாவிடம், "இங்கே இன்றைக்கு ஏதாவது பந்த்தா?" என்று கேட்டேன். கட்டிலில் விழுந்து சிரித்தாள். "தேசிய விடுமுறைடி தல்லி. பந்த் பண்ண இவங்களுக்கு ஏது நேரம்?"

அவள் ஆந்திராவில் குப்பம் ஊர்க்காரி, தெலுங்குக்காரி. எங்கள் வேப்பனப்பள்ளிக்குப் பக்கம்தான். போன மாதமே வந்துவிட்டாள், என் வகுப்பேதான். பக்கத்து ஊர்ப் பெண்ணைப் பார்க்க இவ்வளவு தூரம் பறந்து வர வேண்டியிருக்கிறது.

மாலையில் நடக்கப் போனோம். சாலையில் ஒரு வண்டி இல்லை. ஆனாலும் சிவப்பு விளக்குக்கு ஒரு பெரியவரும் அவருடைய நாயும் காத்து நின்றார்கள். நாங்களும் நின்றோம். கோயிலில் திரை விலகக் காத்திருப்பது போல இருந்தது.

அக்டோபர் 5, ஞாயிறு

குழாயில் வருவதை அப்படியே குடிக்கலாமாம். குடித்தேன். ஒன்றும் ஆகவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

இதை எப்படி எழுதுவது?

இன்று அளவியல் ஆய்வுக்கூடத்தைக் காட்டினார்கள். பூமிக்கு அடியில், இரண்டு கதவுகளுக்கு அப்பால். வெயிலானாலும் பனியானாலும் உள்ளே எப்போதும் இருபது டிகிரி. அந்த அறையின் தரை கட்டடத்தோடு ஒட்டவில்லை, தனியாக நிற்கிறது. தெருவில் டிராம் போகிற அதிர்வு உள்ளே வரக்கூடாது என்பதற்காக. ஒரு எஃகுத் துண்டின் நீளத்தைப் பார்க்க இத்தனை ஏற்பாடு.

ஓசூர் கம்பெனியில் இரண்டு வருடம் தரப்பிரிவில் இருந்தேன். ஸ்லிப் கேஜ் என்கிற அந்த எஃகுக் கட்டைகளை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் சரிபார்ப்போம். ஆனால் அந்தக் கட்டை சரியா என்று யார் பார்ப்பது? யோசித்ததே இல்லை. இங்கே பார்க்கிறார்கள். ஒளியால்.

பொறுப்பாளர் லிண்ட்னர் அம்மையார், ஐம்பது வயதிருக்கும், மெதுவாக ஆங்கிலம் பேசுகிறார். "நீங்கள் இத்தனை பேர் உள்ளே வந்து நிற்பதே அறைக்குச் சூடு. சீக்கிரம் பாருங்கள், வெளியே போங்கள்" என்றார். மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன்.

இந்தப் பருவத்துக்கு அங்கே எட்டு இடம்தான். கேட்பவர்கள் நிறைய. அடுத்த செவ்வாய் ஒவ்வொருவரும் ஒரு கட்டையை வைத்து அளந்து, பார்ப்பதை எல்லோர் முன்னாலும் வாயால் விளக்க வேண்டும். அதை வைத்துத்தான் தேர்வு.

வாயால்.

கல்லூரியில் நாலு வருடமும் கை தூக்காமலே முதல் வகுப்பு வாங்கினேன். வைவாவில் நான் பேசியது எனக்கே கேட்டிருக்காது. இதற்காகத்தான் வந்தேன், இந்த அறைக்காகத்தான். அது இப்படியா வந்து மாட்டணும்.

அக்டோபர் 10, வெள்ளி

அம்மா ரோஜாத் தோட்டத்தில் பூ வெட்டிவிட்டு வந்து போன் செய்தாள். செவ்வாய்க்கிழமை பற்றிச் சொன்னேன். "தலைய தலைய ஆட்டிட்டு நிக்காத கண்ணு. வாயத் தொறந்து சொல்லு. உன் மனசுல இருக்கறது தெரிய அவங்க என்ன சோசியமா பாக்கறாங்க?"

நான் தலையாட்டினேன். போனில்.

அக்டோபர் 14, செவ்வாய்

போச்சு. எல்லாம் போச்சு. இல்லை — தெரியவில்லை. முதலிலிருந்து எழுதுகிறேன்.

ஆன்ட்ரெஸ் என்று கொலம்பியாப் பையன். எனக்கு முன்னால் அவன்தான் அளந்தான், நன்றாகவே பேசினான். அடுத்து நான். கருவியின் கதவு திறந்திருக்கிறது, உள்ளே கட்டை. கையுறை போட வேண்டும். அதற்குள் என் கை தானாகப் போய்க் கட்டையைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டது. ஓசூரில் ஷிப்ட் ஆரம்பிக்கும்போது மெஷினைத் தொட்டுக் கும்பிடாமல் யாரும் சுவிட்ச் போடமாட்டோம். ஸ்லிப் கேஜை வெறுங்கையால் தொடக்கூடாது என்று எனக்குத் தெரியாதா? அங்கே புதுசா வர்றவங்களுக்கு அதைச் சொல்லிக் குடுத்ததே நான்தான். கை கேட்கலையே.

யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். கையுறை போட்டுக் கதவை மூடினேன். திரையில் ஒளிக்கோடுகள் வந்தன. நேராக இருக்க வேண்டியவை. ஓர் இடத்தில் மட்டும் வளைந்து நின்றன, தண்ணீரில் விரல் வைத்த மாதிரி.

லிண்ட்னர் எழுந்து வந்தார். "உங்களில் யாரோ வெறுங்கையால் தொட்டிருக்கிறீர்கள்." எல்லோரும் ஆன்ட்ரெஸைப் பார்த்தார்கள். "நானில்லை" என்றான். காது சிவந்துவிட்டது. சுப்ரியா மட்டும் என்னைப் பார்த்தாள்.

பேசாமல் இருந்தால் அவன் இடம் போகும்.

"நான்தான்" என்றேன்.

"ஏன்?"

சொன்னேன். எங்கள் ஊரில் வேலை தொடங்குமுன் கருவியைத் தொட்டுக் கும்பிடுவோம் என்று. யாரோ சிரித்தார்கள். லிண்ட்னர் சிரிக்கவில்லை. "விரல் பட்ட இடம் துருப்பிடிக்கும். இன்று உன்னுடைய அளவு செல்லாது" என்றார். பிறகு, "அதற்காக உட்கார்ந்துவிடாதே. திரையில் என்ன நடக்கிறது, சொல்."

பார்த்தேன். வளைவு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிக்கொண்டிருந்தது. என் விரலின் சூடு. அந்தச் சூட்டில் எஃகு வீங்கியிருக்கிறது, இப்போது ஆறிக்கொண்டு வருகிறது. ஒரு தொடுதலுக்கு எஃகு இவ்வளவு அசையுமா? அதைத்தான் சொல்ல ஆரம்பித்தேன். எந்தக் கோடு எங்கே நகர்கிறது, சூடு எந்தப் பக்கம் பரவுகிறது, ஓசூரில் மே மாத மதியத்தில் நாங்கள் அளந்ததெல்லாம் எவ்வளவு தப்பாக இருந்திருக்கும். கோடுகள் நேராகும்வரை பேசினேன். முடித்தபோதுதான் அறையில் ஆட்கள் இருப்பதே தெரிந்தது.

லிண்ட்னர் தலையசைத்தார். அது நல்லதுக்கா கெட்டதுக்கா?

அக்டோபர் 15, புதன்

ஆன்ட்ரெஸ் எதிரில் வந்தான். பாதி சாக்லேட்டை உடைத்துக் கொடுத்தான்.

சுப்ரியா: "பத்து நாளா ரூம்ல நான் ஒருத்தியே பேசிப் பேசி எனக்குத் தொண்ட கட்டிடுச்சு. இனிமே நீ பேசு, நான் தலையாட்டறேன்."

அக்டோபர் 17, வெள்ளி

மதியம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அம்மாவைக் கூப்பிட்டேன். இடம் கிடைத்துவிட்டது என்றேன். அது ஒரு வரிதான். அப்புறம் அந்த அறையைச் சொன்னேன், தனியாக நிற்கிற தரையைச் சொன்னேன், விரல் சூட்டுக்கு இரும்பு வீங்குவதைச் சொன்னேன், அது ஆறும்போது கோடுகள் எப்படித் திரும்பி வருகின்றன என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது அம்மா குறுக்கிட்டாள்.

"இரு சாமி, இரு. பூ லோடு ஏத்தணும், சூப்பர்வைசர் இங்கயே பாத்துட்டு நிக்கறாரு. ஒரு நிமிசம் போன்ல வீடியோவப் போடு, பேசறது நீதானான்னு பாத்துக்கறேன்."

போட்டேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தேன்.