கோல் விழுந்த நேரத்தில் நீ போட்ட முடிச்சு

போன செவ்வாய்க்கிழமை உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் ஒட்டக நாற்றம் அடித்தது. வடக்கே இருந்து வந்த ஒருத்தர் ஒட்டகத்தின் மேல் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். நான் மட்டும் பெருநகர் ஊருக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு நின்று மோந்துகொண்டிருந்தேன். நீ இருந்திருந்தால், "இன்னாமே, சொந்தக்காரன பாத்துட்டியா?" என்று கேட்டிருப்பாய். கேட்க நீ இல்லை. நானே என்னைக் கேட்டுக்கொண்டு சிரித்தேன். பக்கத்தில் இருந்த பூக்காரம்மா தன் கூடையை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

நீ கண்ணை மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது. உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. நேரில் இருந்தபோது சொல்ல வாய் வரவில்லை. வாயைத் திறந்தாலே கிண்டல்தான் வந்தது.

நாம் முதலில் பேசியதே சண்டை. துபாயில் அந்தப் பெரிய ஆபீஸ் கட்டடத்தில் நான் கூட்டித் துடைக்கப் போன முதல் வாரம். ஒரு மாப்புக் குச்சியை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு இழுத்தோம்.

"என் மாப்பு அது. பேரு எயுதிக் கீது பாரு," என்றாய்.

"எங்க கீது?"

"என் மனசுல எயுதிக் கீது. வுடு."

நீ "கீது" என்றதுமே நான் குச்சியை விட்டுவிட்டேன். எந்த ஊரு என்று கேட்டால் திருப்புலிவனம் என்கிறாய். ஒரே பஸ்ஸில் போகிற தூரத்தில் பிறந்து, ஒரே உத்திரமேரூர்ச் சந்தையில் கத்திரிக்காய் வாங்கியவர்கள், கடல் தாண்டிப் போய்த்தான் முகம் பார்க்க வேண்டியிருந்தது. உன் வீட்டுக்காரர் இறந்துவிட்டார் என்று அன்றைக்கே சொன்னாய். எப்படி என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

அதற்கு மூன்று வாரம் முன்னால்தான் வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை அடுக்கு சரிந்து என் வீட்டுக்காரர் இடுப்பின் மேல் விழுந்தது. சனிக்கிழமை காலையில் செங்கல்பட்டில் ஆபரேஷன் என்று என் கொழுந்தன் போனில் சொன்னான். "பெரிய ஆபரேஷன் அண்ணி. கையெழுத்துலாம் வாங்கிட்டாங்க," என்றான். எனக்கு ஒப்பந்தம் முடிய இன்னும் எட்டு மாதம் இருந்தது. போக வழியில்லை. அந்த வெள்ளிக்கிழமை பார்த்துத்தான் கம்பெனி எங்கள் பதினாறு பேரையும் பாலைவனத்துக்குச் சுற்றுலா கூட்டிப்போனது. வண்டியில் மணல்மேடு ஏறலாம், பலகையில் சறுக்கலாம், சாயங்காலம் கூடாரத்தில் பெரிய திரையில் கால்பந்து பார்க்கலாம். கால்பந்து எங்களுக்காக இல்லை. எங்கள் சூப்பர்வைசர் மலையாளி. அவருடைய டீமுக்கு அன்றைக்கு ஆட்டம், அவ்வளவுதான்.

நான் வரவில்லை என்றேன். நீ விடவில்லை.

"ரூம்ல குந்திக்கினு செவுத்த மொறச்சினா ஆபரேசன் சீக்கிரம் முடிஞ்சிடுமா? எய்ந்துரு. பவுடரு போடு."

சுற்றுலா என்றால் நமக்கு என்ன தெரியும்? புளிசோறு கட்ட வேண்டும், அவ்வளவுதானே. விடியலில் எழுந்து பதினாறு பேருக்கும் சேர்த்துக் கிளறினோம். பஸ்ஸிலேயே எல்லோரும் வயிறு முட்டச் சாப்பிட்டோம். அதற்குப் பிறகுதான் மணல் வண்டி ஓட்டவந்த பாகிஸ்தான் பட்டாணிய டிரைவர், மணல்மேட்டில் வண்டி ஏறும்போது வயிறு காலியாக இருக்க வேண்டும் என்று கையைக் காட்டிச் சொன்னார். ஏறியது, விழுந்தது, பக்கவாட்டில் சாய்ந்தது. முதல் மேட்டில் நேபாளத்துப் பெண், இரண்டாவது மேட்டில் ஆந்திராக்காரிகள் இரண்டு பேர், மூன்றாவதில் நான். துபாய்ப் பாலைவனத்துக்கு நம் கைப்பக்குவத்தை ருசி காட்டிவிட்டுத்தான் வந்தோம்.

நீ மட்டும் வாந்தி எடுக்கவில்லை. நாலு சக்கரம் வைத்த மணல் பைக்கில் துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஏறினாய். "ஹை, ஹை" என்று அதட்டிக்கொண்டே ஓட்டினாய். "மே, அது பெட்ரோல்ல ஓடுது, வைக்கோல்ல இல்ல," என்று நான் கத்தினேன். அந்த மூன்று வாரத்தில் நான் முதல் தடவையாகச் சிரித்தது அப்போதுதான்.

ஆனால் மணலில் பலகை போட்டுச் சறுக்கக் கூப்பிட்டபோது வரமாட்டேன் என்றாய். பைக்கில் அப்படிப் பறந்தவள் மேட்டின் அடியில் கல்லு மாதிரி நின்றாய். "பயந்தாங்கொள்ளி, பயந்தாங்கொள்ளி" என்று ஊருக்கே கேட்கும்படி உன்னைக் கிண்டல் பண்ணிவிட்டு நான் மேலே ஏறினேன்.

பாதி வழி வரை நன்றாகத்தான் சறுக்கினேன். பிறகு பலகை ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். உருண்டேன். கீழே வந்து எழுந்து மணலைத் தட்டியபோது கழுத்தில் கை போனது. கழுத்து வெறுமையாக இருந்தது.

தாலிக்கயிறு அறுந்துவிட்டது. ஆடிப்பெருக்குக்கு ஆடிப்பெருக்கு கயிறு மாற்றுவது நம் வழக்கம். அங்கே ஆறும் இல்லை, ஆடியும் தெரியவில்லை, இரண்டு வருடமாக நான் மாற்றவில்லை. தினமும் குனிந்து கக்கூஸ் கழுவும்போது அந்த மருந்துத் தண்ணீர் தெறித்துத் தெறித்துக் கயிறு இற்றுப்போயிருந்தது. "மாத்துமே, மாத்துமே" என்று நீ எத்தனை தடவை சொன்னாய்! "உனுக்கு இன்னா, மாமியாராட்டம்" என்று சிரித்துவிட்டு விட்டேன்.

பொட்டு அளவு தங்கம்தான். ஆனால் மறுநாள் காலையில் ஆபரேஷன். மணலில் உட்கார்ந்துகொண்டு, "பூட்டாரு, அவரு பூட்டாரு," என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீ ஓடிவந்தாய். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாய்.

"இன்னா பேசற நீ? கயிறு அறுந்தா ஆளு பூடுவானா? என் ஆளு போன அன்னிக்கு எனுக்கு கயிறு புதுசு. முந்தின மாசம்தான் மாத்திக்கினேன். அவன் போவலியா? பாலாத்துல மணலு வாரச் சொல்லோ கரை சரிஞ்சி மேல வுயிந்துச்சி. தோண்டி எடுத்தாங்க. அப்பவும் என் கய்த்துல தாலி அப்படியேதான் இருந்துச்சி."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, நீ ஏன் சறுக்க வரவில்லை என்று. உன்னைப் பயந்தாங்கொள்ளி என்று கத்திய வாயை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நீ அதைக் கவனித்ததாகவே காட்டவில்லை. சட்டைக் கையை முழங்கை வரைக்கும் சுருட்டினாய்.

"நான் இத்தெல்லாம் நம்பல. நீ நம்பற இல்ல? அப்ப தேடலாம்."

மேட்டின் அடியில், நான் உருண்ட தடத்தின் ஒரு ஓரத்தில் போய் நின்று குனிந்தாய். இடது கையை முட்டி மேல் ஊன்றி, வலது கை விரலால் மணலைக் கிளறிக்கொண்டு மேலே ஒரு அடி வைத்தாய். யாரையும் நீ கூப்பிடவில்லை. முதலில் ஆந்திராக்காரி வந்து உனக்குப் பக்கத்தில் குனிந்தாள். பிறகு நேபாளத்துப் பெண், இலங்கைப் பெண், கல்கத்தாக்காரி. ஒருத்தி பாஷை ஒருத்திக்குத் தெரியாது. ஆனால் எல்லோருமே களை எடுத்தவர்கள். முழங்கை இடிக்காமல், அவரவர் பங்கை விடாமல், வரிசை கோணாமல் பதினைந்து பெண்கள் ஒரே மட்டமாக மேலே ஏறினார்கள். வயல் இல்லை, வரப்பு இல்லை, ஒரு புல்கூட இல்லை. அந்தப் பக்கம் போன வெள்ளைக்காரர்கள் நின்று போட்டோ எடுத்தார்கள்.

சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டு வந்தார். "கேம் தொடங்கும். பஸ் போகணும்."

"போ சார், நீ போயி பந்து பாரு," என்றாய் நிமிராமலே. "நாங்க வரோம்."

"எப்படி வருவீங்க?"

"அதான் பைக்கு ஓட்டக் கத்துக்கினேன் இல்ல?"

அவர் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வரிசையின் கடைசியில் தானும் குனிந்தார். மனிதர் களை எடுத்ததே இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது. பிடுங்குகிற மாதிரி கிளறினார். நீ அவரை அதட்டினாய், "மெதுவா சார், மெதுவா!" சம்பளத்தில் கை வைக்கக்கூடியவர் என்பதே உனக்கு மறந்துவிட்டது.

வெயில் சிவக்கும் வரை தேடினோம். மூன்று சோடா மூடி, ஒரு ஒற்றைக் கம்மல், ஒரு கறுப்புக் கண்ணாடி கிடைத்தன. தாலி கிடைக்கவில்லை. கடைசியில் நீதான் நிமிர்ந்தாய்.

"மணலு குடுக்காதுமே," என்றாய். "வா."

கூடாரத்தில் நூறு ஆண்களாவது இருந்தார்கள். பெரிய திரையில் பச்சைத் தரை, குட்டி குட்டி ஆட்கள், எதற்கு ஓடுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. நான் பாயில் ஒரு மூலையில் சுருண்டேன். நீ சமையல் பக்கம் போனாய். அங்கே நெல்லூர்க்காரர் ஒருத்தர் சமையல். "நைனா, நைனா" என்று அவரைக் குழைத்து, சாமான் மூட்டையைக் கொட்ட வைத்து, ஒரு துண்டு விரலி மஞ்சள் வாங்கிவந்தாய். பொட்டலம் கட்டுகிற வெள்ளை நூலை முறுக்கி, மஞ்சள் தூள் குழைத்துத் தடவி வைத்திருந்தாய். பொன் போனால் மஞ்சள் கட்டிக்கொள்வதும் நம் வழக்கம்தானே.

"இந்தா, கட்டிக்க," என்று என் மடியில் வைத்தாய்.

எடுத்துக் கட்டப் பார்த்தேன். பின்கழுத்தில் முடிச்சு விழவில்லை. "நீ கட்டு," என்றேன்.

நீ பின்னால் நகர்ந்தாய். "நானா? நான் தொடக்கூடாதுமே. அந்த ஆந்திராக்காரிய கூப்புடறேன்."

எனக்கு எங்கிருந்து அந்தத் தெம்பு வந்ததோ தெரியவில்லை. "இப்ப நம்பறது யாரு?" என்றேன். "நான் நம்பலன்னு மேட்டுல நின்னு கத்துனியே, அது யாரு? உன் மாமியாரா?"

"விளையாடாத. நாளைக்கு உனுக்கு ஒண்ணு ஆச்சின்னா..."

"ஆனா ஆவட்டும். என் புருசனுக்காக மணல்ல கைய வுட்டவ நீ. அதுவும் நீ. வேற எவ கையும் எனுக்கு வேணாம். கட்டு."

நீ என்னையே பார்த்தாய். உன் கண்ணில் தண்ணீர் நின்றது, விழவில்லை. என் பின்னால் வந்து மண்டியிட்டாய். உன் விரல் என் கழுத்தில் பட்டபோது, அதில் இன்னும் மணல் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு முடிச்சு. இரண்டு முடிச்சு. மூன்றாவதை நீ இழுக்கவும், திரையில் எவனோ பந்தை வலைக்குள் அடிக்கவும் சரியாக இருந்தது. கூடாரமே எழுந்து நின்று கத்தியது. தட்டை அடித்தான் ஒருத்தன், டின்னைத் தட்டினான் ஒருத்தன். எந்தக் கல்யாணத்திலும் அப்படிக் கெட்டிமேளம் நான் கேட்டதில்லை. கல்கத்தாக்காரி குலவை போட்டாள். எங்களையும் அந்த டீமின் ஆட்கள் என்று நினைத்துப் பக்கத்துப் பாயில் இருந்த ஒரு தாத்தா கை நிறையப் பேரீச்சம்பழம் கொடுத்தார்.

விழுந்த கோல் சூப்பர்வைசருடைய டீமுக்கு எதிராக. கோல் போட்ட சந்தோஷத்தில் ஊரே ஆட, அவர் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பாருமே," என்று நான் உன்னைத் திருப்பிக் காட்டினேன், "பொண்ணோட அப்பா." நீ சிரித்தாய் பார், அந்தச் சிரிப்பு. சிரித்துக்கொண்டே அழுதாய். உன் கண்ணைத் துடைக்க என்னிடம் துணி இல்லை. மஞ்சள் ஒட்டிய கையால் துடைத்துவிட்டேன். முகமெல்லாம் மஞ்சளாகிவிட்டது உனக்கு.

மறுநாள் மத்தியானம் போன் பூத்தில் நீதான் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். கொழுந்தன் சொன்னான், "நல்லா கீறாரு அண்ணி. கண்ண முயிச்சதும் இட்லி கேட்டாரு. குடுக்கல. திட்டறாரு." நான் போனை வைத்துவிட்டு, "திட்டறாராம்," என்றேன். "அப்ப பொயைச்சிட்டான்," என்றாய் நீ.

மஞ்சளால் பிழைத்தார், முடிச்சால் பிழைத்தார் என்று நான் சொல்லமாட்டேன். செங்கல்பட்டு டாக்டரால் பிழைத்தார். ஆனால் அன்று சாயங்காலத்துக்கும் மறுநாள் மத்தியானத்துக்கும் நடுவில் நான் பிழைத்தது உன்னால். இதைத்தான் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

ஊருக்கு வந்தபிறகு அவர் புதுத் தாலி வாங்கிக் கொடுத்தார். கட்டிக்கொண்டேன். என் மகள் கல்யாணத்தில் நீ செய்த வேலையும் நினைவிருக்கிறது. தாலியைத் தட்டில் வைத்து எல்லோரும் தொட்டு ஆசீர்வாதம் பண்ணச் சுற்றிக் கொண்டுவருவார்களே, அப்போது நீ சமையல் கூடத்தில் சாம்பார் அண்டாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாய். நான் தட்டோடு அங்கேயே வந்தேன். "தொடறியா, இல்ல கல்யாணத்த நிறுத்தட்டுமா?" என்றேன். கரண்டியைப் போட்டுவிட்டுத் தொட்டாய்.

அதிலிருந்து எங்கள் தெருவில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் தட்டை நான்தான் கேட்டு வாங்குகிறேன். புருஷன் இல்லாதவர்கள் பக்கம் வரும்போது தட்டு தானாக வளைந்து போகும், நீ பார்த்திருப்பாய். என் கையில் இருந்தால் வளையாது. பின்வரிசையில் சுவரோடு ஒட்டி நிற்கிறவர்களிடம்தான் முதலில் போகிறேன். "இன்னாடி இது புதுப் பயக்கம்?" என்று ஒரு கிழவி கேட்டாள். "புதுசு இல்ல ஆயா, எங்க கம்பெனி பயக்கம்," என்றேன்.

போன தையில் ஒரு கல்யாணம். பின்னால் ஒரு சின்னப் பெண் நின்றாள், இருபத்தைந்து கூட இருக்காது. தட்டைக் கண்டதும் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். நாயனக்காரர் காத்திருந்தார், பூசாரி காத்திருந்தார், மாப்பிள்ளை வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் நகரவில்லை. "நல்ல நேரம் போவுது கண்ணு," என்றேன், "உன் ஒரு கைதான் பாக்கி." அவள் தன் அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு முன்னால் கையை நீட்டித் தொட்டாள்.