கலவை மெஷின் சத்தத்தில் தூங்கியவள்

சொல்லிக்கொள்ளாமலே போய்விட்ட என் மாமாவுக்கு,

பெங்களூரில் கட்டடச் சாரம் சரிந்து நீங்கள் விழுந்த அன்று சின்னவன் என் வயிற்றில் இருந்தான். இப்போது ஏரியூர் வீட்டில் தவழ்கிறான். உங்கள் மூக்கு அப்படியே. அவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலில் தர்ஷினி.

வேலை முடிந்து சிமெண்டு தூசியோடு தகர ஷெட்டுக்கு வந்து, "தர்ஷி, அப்பா வந்துட்டேன்" என்று கூப்பிடுவீர்கள். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு விளையாடிக்கொண்டே இருப்பாள். "இவளுக்கு எம்மேல பாசமே இல்ல புள்ள" என்று எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்! கடைசிவரை அந்தக் குறை உங்களுக்கு இருந்தது.

மாமா, அவளுக்குக் காது கேட்கவில்லை. பிறந்ததிலிருந்தே.

கலவை மெஷின் ஓடும்போதுகூட அசையாமல் தூங்குவாளே, நினைவிருக்கிறதா? "கொத்தனார் வூட்டு ராஜாத்தி, சத்தத்துக்கெல்லாம் பழகிட்டா" என்று மேஸ்திரியிடம் பெருமையடித்தீர்கள். நானும் சிரித்தேன். பேச்சு வரவில்லையே என்று நான் கேட்டபோது உங்கள் அண்ணன், பெரிய மாமா, "எம்பெரியவன் அஞ்சு வயசுலதான் பேசுனான்" என்றார். அதோடு விட்டுவிட்டோம்.

நீங்கள் போனபின் ஊருக்கே திரும்பிவிட்டோம். இங்கே பால்வாடிக்கு அரசாங்க ஜீப்பில் டாக்டரம்மா வந்தார்கள். பிள்ளைகளின் கண், பல், எடை எல்லாம் பார்ப்பார்கள். தர்ஷினியைப் பொம்மையோடு உட்காரவைத்து, பின்னால் போய் நின்று மணியடித்தார்கள். மற்ற பிள்ளைகள் எல்லாம் திரும்பின. இவள் பொம்மையின் முடியைக் கோதிக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு முன்னாடி யாரும் பாக்கலியாம்மா?"

எனக்கு முன்னால் பால்வாடி டீச்சரே பதில் சொன்னார். "வருசா வருசம் வண்டி வருதுங்க. நான் இவங்க வூட்டுக்குப் போறப்பல்லாம் பூட்டுத்தான். பெங்களூரு வேலைக்குப் போயிட்டாங்க."

அந்த ஊரிலோ, நம் ஷெட்டுப் பக்கம் எந்த வண்டியும் வந்ததில்லை. நாம் எந்த ஊர்க் கணக்கில் இருந்தோம் மாமா?

தர்மபுரி ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, தலையில் ஒயர் ஒட்டிப் பரிசோதித்தார்கள். பிறகு அங்கிருந்த டாக்டர் கேட்டார், "சொந்தத்துல கட்டுனீங்களா?"

"தாய்மாமனுங்க."

"அப்படிக் கட்டுனா எல்லாருக்கும் வரும்னு இல்லம்மா. வாய்ப்பு கொஞ்சம் கூடும், அதான் கேக்குறேன். கைக்குழந்தையையும் பாத்துரலாம்."

சின்னவனைப் பரிசோதிக்கும்போது வராந்தாவில் தர்ஷினியை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவனையாவது விட்டுவிடு சாமி என்று வேண்டினேன். விடவில்லை. அவனுக்கும் அதேதான்.

அந்த நேரத்தில் உங்கள் மேல் கோபம் வந்தது. என்ன நியாயம் என்று கேட்காதீர்கள். பக்கத்தில் உட்கார நீங்கள் இல்லை, அவ்வளவுதான்.

சின்னவனுக்கு ஆபரேஷன் செய்து காதுக்குள் கருவி வைக்கலாம், அரசாங்கக் காப்பீட்டிலேயே செய்யலாம், சின்ன வயது என்பதால் பேச்சு நன்றாக வரும் என்றார் டாக்டர். தர்ஷினிக்குக் காதில் மாட்டும் மெஷின் கொடுத்தார்கள். "பேச்சு கத்துக்கற வயசு கொஞ்சம் தாண்டிப்போச்சும்மா. எவ்வளவு வரும்னு இப்ப சொல்ல முடியாது."

"ரெண்டு வயசுலயே பாத்திருந்தா வந்திருக்குங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு விளங்கிவிட்டது.

மெஷின் மாட்டிய முதல் நாள் பஸ் ஹாரனுக்குப் பயந்து கத்தினாள். பிடுங்கி எறிந்தாள். இப்போது கொஞ்சம் பழகியிருக்கிறது. மோட்டார் ஓடும்போது தொட்டிக்கு ஓடிப்போய், தண்ணீர் விழுவதையே நின்று கேட்கிறாள். என்ன கேட்கிறதோ, அவளுக்குத்தான் தெரியும்.

பொங்கலுக்குப் பெங்களூரிலிருந்து நம் சனங்கள் வந்திருந்தார்கள். கைப்பிள்ளை இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் போனேன். பிள்ளைக்குப் பின்னால் நின்று கைதட்டினேன். "உனக்கென்ன புள்ள ஆச்சு?" என்றார்கள் சிலர். கைதட்டிப் பார்ப்பது மட்டும் போதாது, ஊரில் இருக்கும்போதே ஆஸ்பத்திரியில் காட்டிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு மறுபடியும் தட்டினேன். எல்லாப் பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தன. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

பெரிய மாமா சித்தாள் வேலைக்குக் கூப்பிட்டார். "இங்க இருந்து என்னத்தக் கண்ட? வா புள்ள" என்றார். "வண்டி வர்றப்ப எம்புள்ளைங்க வூட்டுல இருக்கணும் மாமா" என்றேன். கோபித்துக்கொண்டு போனார். கடலைக் காட்டில் களை வெட்டுகிறேன். வாரம் ஒருநாள் பேச்சுப் பயிற்சிக்குத் தர்மபுரி பஸ் ஏறுகிறோம்.

"தம்பிக்குப் பேச்சு வந்துட்டா அவன் அக்காளுக்கும் சேத்துப் பேசிக்குவான்" என்கிறார்கள் எல்லோரும். ஆறுதலுக்குத்தான் சொல்கிறார்கள். எனக்கு அது சுடுகிறது. அவளுக்கும் வாய் இருக்கிறதே மாமா? போன வாரம் பயிற்சியில் உதட்டைக் குவித்து "பூ" என்றாள். காற்றுத்தான் வந்தது. பயிற்சி டீச்சர், "இன்னொரு தரம் சொல்லு கண்ணு" என்றார். மறுபடியும் காற்று.

அந்தக் காற்று சத்தமாகும்வரை பஸ் ஏறுவேன். ஆகாமலே போனாலும் ஏறுவேன். அவள் சொல்ல வேண்டியதை வேறொருவர் சொல்ல விடமாட்டேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

உங்கள் அக்கா மகள்,
உங்கள் பெண்டாட்டி,
கோமதி