முழுப் பேர்

மேல் பிரிவு, ராகலை.
மார்ச் 9

அன்பு மகள் பூரணிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நடமாட்டமாக இருக்கிறோம். குவைத்துச் சாப்பாடு உனக்கு ஒத்துவருகிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். மழை விட்டதால் காய்த் தோட்டத்தில் லீக்ஸ் நட்டிருக்கிறோம்.

விளையாட்டுச் சங்கத்தின் ஆங்கிலக் கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்தது. கிளாக்கர் நிரோஷன் படித்துச் சொல்கிறேன் என்றார். வேண்டாம் என்று வாங்கிவந்து, அகராதியை வைத்து இரண்டு நாளில் நானே படித்தேன். எட்டு வருடத்துக்கு முன் நீ ஓடிய மூவாயிரம் மீற்றர் தடை தாண்டும் ஓட்டத்தில் முதலாவதாக வந்தவள் ஊக்கமருந்து எடுத்தவளாம். அவளை நீக்கிவிட்டார்கள். நாலாவதாக வந்த நீ இப்போது மூன்றாவது. வெண்கலப் பதக்கம் உனக்கு.

அம்மா போனில் சொன்னதும், எனக்குப் பதிலாக அப்பா கொழும்பில் வாங்கட்டும் என்று ஒரு தாளில் கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறாய். நான் போகமாட்டேன். அந்தத் தாளை இத்துடன் திருப்பி வைத்திருக்கிறேன்.

சும்மா வர்ற பதக்கத்துக்கும் சண்டையா பெரியவரே என்று கிளாக்கர் சிரிக்கிறார். சும்மா வரவில்லை, ஆறாம் நம்பர் தேயிலை மலையில் தண்ணீர் ஓடும் கான் கானாகத் தாண்டிப் பழகிய கால் அது என்றேன். அம்மா கொழுந்தெடுத்த காலத்தில் நிறை குறைந்தால் அரை நாள் வேலை என்று அரைப் பேர் போட்டு அரைச் சம்பளம் கொடுத்தார்கள். அதைப் பொறுத்துக்கொண்டோம். ஆனால் அவள் பேரை இன்னொருத்திக்குப் போட்ட அன்று நான் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தை விட்டு நகரவில்லை. உழைத்தவளுக்குத்தான் பேர். எல்லோர் முன்னாலும் உன் கழுத்தில் போடச் சொல்லி சங்கத்துக்கு மூன்று கடிதம் போட்டுவிட்டேன். ஜூன் முப்பதுக்குள் எடுக்காவிட்டால் பதக்கம் வந்த இடத்துக்கே போய்விடும் என்று மட்டும் பதில் வந்தது.

நீ போட்டி முடிந்து ராகலையில் பஸ்ஸை விட்டு இறங்கிய அன்று, நாலாவதா, அப்போ அரைப் பேர்தான் என்று சொன்னேன். பக்கத்தில் நின்ற அடுத்த வீட்டு அழகன் சிரித்தான். அடுத்த மாதமே ஓட்டச் சப்பாத்தைப் பரணில் போட்டுவிட்டுக் குவைத்துக்குப் போனாய். அன்றிலிருந்து அம்மாவோடு மட்டும்தான் பேசுகிறாய். அதில் நான் குறை சொல்லவில்லை.

மருந்து விஷயம் அப்போது யாருக்கும் தெரியாது என்று சொல்லலாம். நான் சொல்லமாட்டேன். நாலாவதாக வந்தவளும் மூவாயிரம் மீற்றரையும் முழுதாகத்தான் ஓடியிருக்கிறாள். இது அகராதி இல்லாமலே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

சப்பாத்தை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். ஜூனுக்குள் வா. எந்த பஸ் என்று அம்மாவுக்கு வேண்டாம், எனக்கே எழுது. அதே இடத்தில் நிற்பேன்.

மாரியம்மன் உன் காலுக்குத் துணையிருக்கட்டும்.

உன் அப்பா
பழனியாண்டி