குழல் வெள்ளியன்று, போல்ட் திங்களன்று

திங்கள், 6 ஒக்டோபர்

விடியற்காலை முதல் லண்டனில் தூறல். ஹரோவிலிருந்து கோலியர்ஸ் வுட் போய்ச்சேர ஒன்றே முக்கால் மணித்தியாலம். பணி: வி. அக்காவையும் அவருடைய காலஞ்சென்ற கணவரின் ரைபிளையும் துப்பாக்கி வியாபாரியிடம் சேர்ப்பித்தல். (கட்சிக்காரர் பெயரை இங்கும் முதலெழுத்தோடு நிறுத்துகிறேன். தொழிற்பழக்கம்.)

பின்னணி, சுருக்கமாக. கணவர் பல் வைத்தியர். நெடுங்காலம் இலக்குச் சுடும் கழகமொன்றின் உறுப்பினர். ஒரே மகள் தா. ஸ்கொட்லாந்தில், இன்வெர்னஸில். தகப்பனிடம் சுடப் பழகியவள், தன் பெயரில் துப்பாக்கிச் சான்றிதழ் உடையவள். தகப்பன் இறப்பதற்கு இரண்டு நாள் முன்னர் அவளுக்குச் சத்திரசிகிச்சை மூலம் ஆண் குழந்தை. செத்தவீட்டுக்கு வர முடியவில்லை. முப்பத்தோராம் நாளுக்கும் முடியவில்லை. அவள் கேட்டது ஒன்றே: அப்பாவின் ரைபிள். மரண சாசனத்திலும் அவளுக்கென்றே எழுதியிருக்கிறது.

சாசன நிறைவேற்றுநர் என்ற வகையில் அக்காவுக்குப் பொலிஸ் தற்காலிக அனுமதி கொடுத்துள்ளது. இம்மாத முடிவுடன் அது காலாவதி. அதற்குள் மகளிடம் போகாவிட்டால் பொலிஸிடம் ஒப்படைப்பு. பின்னர் பெரும்பாலும் அழிப்பு.

தபாலில் நேரே அவள் வீட்டுக்கு அனுப்ப இயலாது. உரியவர் நேரில் நின்று, சான்றிதழைக் காட்டி, கையேற்கவேண்டும் என்பது சட்டம். ஆகவே இங்குள்ள பதிவுபெற்ற வியாபாரியிடமிருந்து அங்குள்ள பதிவுபெற்ற வியாபாரிக்குப் பார்சல். அங்கே அவள் நேரில் சென்று பெறவேண்டும். உயிலும் வீட்டு உறுதிப்பத்திரமும் எழுதிப் பிழைக்கும் வழக்கறிஞன் நான். இந்தச் சட்டத்தை மூன்று இரவுகள் முழுதாக வாசித்தேன். தபாற்காரர் கைக்கும் அதில் ஒரு வாசகம் இருக்கிறது என்று கண்டபோது எழுந்து அறைக்குள் நடந்தேன்.

பெட்டியை அக்காவே காருக்குத் தூக்கிவர வேண்டும் என்றேன். அனுமதி அவர் பெயரில். என் பெயரில் எதுவும் இல்லை. அக்கா என்னைப் பார்த்த பார்வை.

"அவற்ற பிரேதத்தைத் தூக்கினியள் தம்பி. இதைத் தூக்க ஏலாதோ?"

ஏலாது என்றேன்.

வியாபாரி திரு. எச்.: குரொய்டன் ஊருக்கு அப்பால், வீட்டின் பின்புறம் கடை. எழுபது வயதுக்கு மேல், இரண்டு மூக்குக் கண்ணாடி. பெட்டியைத் திறந்து என் பக்கம் திருப்பினார். இளமையில் நான் கண்ட துப்பாக்கிகளுக்கெல்லாம் பின்னால் ஒரு மனிதர் நின்றார். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒருவரும் இல்லாத துப்பாக்கியை இன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். நீலச் சாயமேற்றிய மரப்பிடி. எண்ணெய் மணம். கோயிலில் திரை விலகும்போது செய்வதுபோல் ஓர் அடி பின்வாங்கியிருந்தேன், பிறகுதான் உணர்ந்தேன்.

பின் திரு. எச். கேட்டார்: போல்ட் எங்கே?

குழலின் பின்வாயை அடைக்கும் உருக்கு உருளை. அரைச் சாணுக்கு மேல் நீளம். கவனமானவர்கள் அதைக் கழற்றித் தனியே பூட்டிவைப்பார்களாம். சட்டத்தின்படி அந்தத் துண்டு தனித்தே ஒரு துப்பாக்கி. அக்காவுக்கு மொழிபெயர்த்தேன். அவர் முகம் வெளிறியது.

படிப்பறையிற் சின்ன இரும்புப் பெட்டி இருந்ததாம். உள்ளே கடிகாரம், கண்ணாடி, கறுப்புத் துணிப் பையில் ஏதோ ஒரு சாமான்.

"சைக்கிள் பம்ப் எண்டு நினைச்சன். அவற்ற கோட்டுப் பொக்கற்றுக்குள்ள வைச்சனான். அவற்ற சாமான் அவற்ற உடுப்போட போகட்டும் எண்டு."

உடுப்பு எங்கே போயிற்று என்று கேட்டேன். முப்பத்தொன்று முடிந்து, எல்லா வீடுகளிலும் செய்வதுபோல், தேய்த்து மடித்து கார்கோ பெட்டியில். யாழ்ப்பாணத்துக்கு. கணவரின் மூத்த தமக்கையின் பெயருக்கு, முதியோர் இல்லத்துக்குக் கொடுக்கும்படி.

ரைபிளைத் திரு. எச். பொறுப்பேற்று ரசீது தந்தார்.

அன்றே, மாலை

கார்கோ நிறுவனத்தை அழைத்தேன். பெட்டி அவர்களுடைய ஹேய்ஸ் களஞ்சியத்தில். கொள்கலன் வியாழன் காலை ஏற்றப்படும்.

அக்கா வீட்டில் கணவரின் தம்பி, கு. அண்ணை. விடயம் கேட்டுச் சிரித்தார்.

"பொலிஸுக்கு ஏன் சொல்லுவான்? இரவைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து எடுத்து மேசை லாச்சிக்குள்ள போட்டா அலுவல் முடிஞ்சுது. லோயர்மாரிட்டக் குடுத்தா நுளம்பும் ஆனையாப் போம்."

எண்ணிக்கையிட்டுச் சொன்னேன்:
1. எடுப்பவருக்கு அனுமதி இல்லையேல் எடுப்பதே குற்றம்.
2. அக்கா அறியாமற் கொடுத்தார். அறியாமை தண்டனையைக் குறைக்கலாம், குற்றத்தை நீக்காது.
3. பெட்டி கொழும்பில் திறக்கப்பட்டால் கோட்டுக்குள் துப்பாக்கிப் பாகம். முகவரியில் எழுபத்தாறு வயதுப் பெண்ணின் பெயர்.

மூன்றாவதற்குப் பிறகு அண்ணை சிரிக்கவில்லை. ஊரில், யுத்தத்தின்போது, பற்றரி கொண்டுபோனதற்காக இராணுவத் தடைமுகாமில் இரண்டு நாள் இருத்திவைக்கப்பட்ட காலம் எங்கள் இருவருக்கும் உண்டு.

பொலிஸுக்குச் சொன்னால் அனுமதியைப் பறிப்பார்களா என்று அக்கா கேட்டார். பறிக்கலாம் என்றேன். மகளுக்கு ரைபிள் கிடையாமற் போகுமா? போகலாம். ஒன்றையும் மறைக்கவில்லை. முடிவு அவருடையது, என் கட்சிக்காரர் அவர்தான்.

அக்கா நெடுநேரம் கதிரையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மச்சாள் அந்தக் கிழ வயதில பொலிஸுக்கு முன்னால நிக்கேலாது. சொல்லுங்கோ தம்பி."

செவ்வாய், 7 ஒக்டோபர்

மேகம். குளிர். பால் வாங்க மறந்தேன்.

9.04க்குப் பொலிஸின் துப்பாக்கி உரிமப் பிரிவை அழைத்தேன். ஒரு பெண் அதிகாரி. குரலில் வியப்பும் இல்லை, கோபமும் இல்லை. ஒவ்வொன்றையும் திரும்பச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். 11.20க்குத் திரும்ப அழைத்தார். பெட்டியை எவரும் திறக்கக்கூடாது. பதிவுபெற்ற வியாபாரி என்பதால் திரு. எச். அதைச் சட்டப்படி வைத்திருக்கலாம். அவரே சென்று எடுத்து, எழுத்தில் அறிவிக்கவேண்டும். பின்னர்தான் முடிவு. அதுவரை ரைபிள் நகரக்கூடாது.

அக்கா பதினொரு தடவை அழைத்தார். பதினொரு தடவையும் "இன்னும் தெரியாது".

புதன், 8 ஒக்டோபர்

ஹேய்ஸ். கூரை முட்ட அட்டைப்பெட்டிகள். ஒவ்வொன்றிலும் தடித்த மையில் ஊர்ப்பெயர்: சாவகச்சேரி, மானிப்பாய், நெல்லியடி. இத்தனை பெட்டிகளுக்கு நடுவே ஒன்று. கார்கோக்காரர் நாற்பது வயதளவில், பனியனுக்கு மேல் ஜக்கற்.

"அண்ணை, ஒருக்கா ஒரு பெட்டிக்குள்ள உயிரோட பூனை படுத்திருந்தது. அதுக்குப் பிறகு ஒண்டுக்கும் பயப்பிடுறேல்லை எண்டிருந்தன்."

இப்போது பெட்டியிலிருந்து நான்கு அடி தள்ளி நின்றார். நான் ஐந்து. கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால்.

திரு. எச். கண்ணாடியை மாற்றினார். ஒட்டுநாடாவைக் கீறினார். சட்டைகள். கம்பளிக் காலுறை. பட்டு வேட்டி. அடியிற் சாம்பல்நிறக் கோட்டு. உட்பையில் கறுப்புத் துணிப் பை. உருளையை உள்ளங்கையில் வைத்து இலக்கத்தை வாசித்தார். அக்காவின் அனுமதிப் பத்திரத்து இலக்கத்தோடு நானும் ஒப்பிட்டேன். ஒன்றேதான். பளபளவென்று, கழுவிய மீன்போல. இத்தனை சிறிய ஒன்றுக்கு ஒரு பாராளுமன்றம் உட்கார்ந்து வாசகம் எழுதியிருக்கிறது.

அதன் பின் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. வெளியே எடுத்த உடுப்புகளை அவர் அதே ஒழுங்கில் திருப்பி மடித்தார். வேட்டியில் மட்டும் தடுமாறினார். கார்கோக்காரரிடம் எப்படி என்று கேட்டார். இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, கரை கரையோடு சேர, நாலாக, எட்டாக. இருவரும் ஒருபோதும் காணாத ஒருவரின் வேட்டி. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெட்டி திரும்ப ஒட்டப்பட்டது. நாளை ஏறும்.

வியாழன், 9 ஒக்டோபர்

அதிகாரியின் மின்னஞ்சல், 4.47. மூன்று முறை வாசித்தேன். காலந்தாழ்த்தாமல் தானாக அறிவித்ததைக் கருதி நடவடிக்கை இல்லை. எழுத்தில் அறிவுறுத்தல் மட்டும். அனுமதி நீடிக்கும். பரிமாற்றம் தொடரலாம்.

அக்காவுக்குச் சொன்னேன். ஓம் என்றார். தொலைபேசியை வைக்காமலே அழுதார். நானும் வைக்கவில்லை.

வெள்ளி, 10 ஒக்டோபர்

வெயில், நம்ப முடியாதபடி. திரு. எச். பொதி கட்டுவதைப் பார்க்க அனுமதித்தார். அவர் விதிகள், கேட்டு எழுதியவை:
— பெரும்பாலான கூரியர்கள் துப்பாக்கியை ஏற்பதில்லை. ஏற்பவரிடம் முன்கூட்டியே சொல்லி ஒழுங்குசெய்யவேண்டும். பொய்யான விபரம் எழுதி அனுப்புவது ஒருபோதும் இல்லை.
— பெறும் வியாபாரியின் பதிவுப் பத்திரப் பிரதி கையில் இருக்கவேண்டும்.
— வெளிப்புறத்தில் உள்ளே இருப்பதைக் காட்டும் எழுத்தோ படமோ கூடாது.
— குழலும் போல்ட்டும் ஒரே நாளில், ஒரே பொதியில் போவதில்லை. இன்று குழல். திங்கள் போல்ட்.
— கையொப்பமின்றிக் கையளிப்பு இல்லை.

இவற்றுட் சில சட்டம், சில அவருடைய வழக்கம். எது எது என்று கேட்டேன். நாற்பது வருடத்துக்குப் பிறகு பிரித்தறிய முடியவில்லையாம்.

2.15க்கு வாகனம். சாரதி அரைக்காற்சட்டை, ஒரு காதில் பாட்டு. பொதியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனான். நான் தொட முடியாத ஒன்றை அவன் தூக்கிப் போகிறான்; தொழிலின் சாதாரணப் போக்கிற் சுமப்பவருக்குச் சட்டம் விலக்களிக்கிறது. வழியிலுள்ள எவருக்கும் அவனைத் தெரியாது. ஒரு நாடு முழுவதும் இப்படி ஒருவர் சொல்லை ஒருவர் நம்பி, ஒப்பமிட்டு, அடுத்தவர் கையில் வைக்கிறது. வாகனம் திரும்பிய பின்னும் வாசலில் நின்றேன்.

திங்கள், 13 ஒக்டோபர்

மழை. போல்ட் புறப்பட்டது. குழல் காலையிலேயே போய்ச்சேர்ந்து ஒப்பமாயிற்று. அக்கா பொதியின் கண்காணிப்பு இலக்கத்தைப் பூசையறையில் ஒட்டிவைத்திருக்கிறார் என்று கு. அண்ணை சொல்லிச் சிரித்தார். ஆனால் இன்று மூன்று தடவை அதைப் பார்த்து எனக்கு நிலவரம் சொன்னவர் அவர்தான்.

புதன், 15 ஒக்டோபர்

போல்ட் சேர்ந்தது. பல்வலி. பல்லுக்கு அக்காவின் கணவரிடந்தான் போவது வழக்கம். இனி வேறெவரையாவது தேடவேண்டும்.

சனி, 18 ஒக்டோபர்

பனிமூட்டம். துணி துவைத்தல். 12.30க்குத் தா. அழைத்தாள். குழந்தையையும் தூக்கிக்கொண்டு அங்குள்ள வியாபாரியின் கடைக்குப் போயிருக்கிறாள். சான்றிதழ் சரிபார்ப்பு, இலக்கம் சரிபார்ப்பு, ஒப்பம். எல்லாம் ஒழுங்கு. இரண்டு தரப்பும் பொலிஸுக்கு ஏழு நாளுக்குள் அறிவிக்கவேண்டும் என்று நினைவூட்டினேன். அவள் கேட்டதாகத் தெரியவில்லை.

"அங்கிள், அந்த ரைபிள்ள கன்னம் வைக்கிற இடம், தோள் வைக்கிற இடம், எல்லாத்துக்கும் திருகாணி. ஆளுக்கு ஆள் செட் பண்ணவேணும். கடைக்காரர் கீ எடுத்துக்கொண்டு வந்தவர், என்ர அளவுக்குத் திருப்ப. நான் சும்மா ஒருக்கா வைச்சுப் பாத்தன்."

பிறகு சொன்னாள்:

"ஒண்டையும் திருப்பத் தேவையில்லை அங்கிள். அப்பான்ர முகமும் என்ர முகமும் ஒரே அளவு."

இரண்டு கையாலும் ரைபிளைப் பிடித்தபோது குழந்தை எங்கே இருந்தது என்று கேட்டேன்.

கடைக்காரர் கையிலாம். கையொப்பம் எதுவுமின்றி.