கை படாத சேவல்

1957 மே 12, ஞாயிறு

இன்று லீவு என்று பேர். காலையிலிருந்து கோழி பிடித்ததுதான் மிச்சம். ஆறு பெட்டைகளையும் மடியில் மல்லாத்திப் போட்டு, வாலடி இறகை விலக்கிப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாய் ஈர், மஞ்சள் பேன் ஓடுகிறது. கூட்டுப் பலகை இடுக்கில் செள்ளு வேறு, நசுக்கினால் ரத்தம். போன வாரம்தானே சாம்பல் தேய்த்தேன், கொதிதண்ணீர் ஊற்றினேன்? எழுதும்போதே தலையைச் சொறிகிறேன்.

உள்ளே அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். தேயிலை மலையில் தண்ணீர் ஓடக் கான் வெட்டப் போய்ச் சறுக்கி விழுந்து கால் முறிந்து ஒன்பது வாரம். எலும்பு கூடிவிட்டது, காலை ஊன்று என்று டாக்டரய்யா சொல்லியே மூன்று வாரம் ஆயிற்று. ஊன்ற மாட்டேன் என்கிறார். பயம். வேறென்ன?

மே 15

சேவல் கூவவில்லை. கொண்டை வெளுத்து, இறகை உப்பிக்கொண்டு மூலையில் நிற்கிறது.

அது கவ்வாத்துச் சாமிக்கு நேர்ந்தது. மகன் எழுந்து நடந்து, கத்தியோடு மலைக்குத் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டப் போகும் முதல் நாளில் அறுப்பதாக மாமியார் வேண்டிக்கொண்டார். காலில் மஞ்சள் துணி கட்டிய நாளிலிருந்து அதன்மேல் யார் கையும் படக்கூடாது.

அது செத்துத் தொலைத்தால்? சாமி வேண்டாமென்று சொல்லிவிட்டது என்றுதான் அவர் நினைப்பார். அப்புறம் எங்கே காலை ஊன்றுவது!

மே 16

ஒரு தடவை இறகை மட்டும் விலக்கிப் பார்க்கிறேனே என்று மாமியாரிடம் கேட்டேன்.

"சாமி பொருள்ல கைய வச்சு எம்மகன் காலுக்கு வென வச்சிராத நாகு."

அவரும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார்.

மே 19, ஞாயிறு

நோட்டன் பிரிட்ஜுக்கு நடந்து போய்ச் சரிபுதீன் நானா கடையில் புகையிலைக் காம்பு வாங்கினேன். ஊறவைத்த தண்ணீரில் கோழிகளைக் கழுத்துவரை முக்கச் சொன்னார். எத்தனை கோழி என்றார். ஏழு, அதில் ஒன்றைத் தொடக்கூடாது என்றேன். சிரிக்கவில்லை, நல்ல மனுசர்.

"ஒண்ட உட்டா மத்த ஆறுக்கும் திரும்ப வரும் புள்ள."

எனக்கு மட்டும் தெரியாதா? தெரிந்துதானே வயிறு எரிகிறது. வீட்டுக்கு வந்து நானா சொன்னதை அவர் காதில் விழும்படி சொன்னேன். ஆறையும் வெயிலில் வைத்து முக்கி எடுத்தேன். ஏழாவது என்னையே பார்த்துக்கொண்டு நின்றது.

மே 21

மாமியார் பொல்பிட்டியவில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். சனிக்கிழமைதான் வருவார்.

கொழுந்து பறிக்கக் கை ஓடவில்லை. கங்காணி ஏசினார். தொடலாமா? தொட்டு அவர் காலுக்கு ஏதாவது ஆகிவிட்டால் — தொடாமலே அது செத்துவிட்டால் — சீ, என்ன பொழப்புடி இது.

மே 23

தொட்டுவிட்டேன்.

விடிந்ததும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, தப்பாயிருந்தால் என் தலையில் விடியட்டும் சாமி, அவர் காலை விட்டுவிடு என்று சொல்லிவிட்டுச் சேவலைப் பிடித்தேன். இறக்கையைத் தூக்கினால் சாம்பல்! இறக்கையடி, வாலடி, ஒரு இடம் விடாமல் பக்குவமாய்த் தேய்த்திருக்கிறது. நான் தேய்க்கவில்லை. மாமியார் ஊரிலேயே இல்லை.

உள்ளே போனேன். அவர் அதே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். முறிந்த கால் கம்பளிக்கு வெளியே தெரிந்தது. குதிகாலில் மண், விரலிடுக்கில் சாம்பல். கூடு எங்கள் லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது, கதவிலிருந்து பன்னிரண்டு எட்டு.

"கால் எப்படி இருக்குங்க?"

"அப்படியேதான் இருக்கு."

அட, திருட்டு மனுசா! அடுப்படியில் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். நடுவில் சிரிப்பும் வந்து தொலைத்தது. அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் மறுபடி படுத்துக்கொள்வார், எனக்குத் தெரியும்.

மே 24

சாம்பல் சட்டி எப்போதும் கூட்டருகேதான் இருக்கும். இன்றைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பீலிக்கரையில், தண்ணீர் பிடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் காலைப் பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போனேன். லயத்தின் கோடி அது. அறுபது எட்டாவது இருக்கும்.

மாமியார் நாளைக்குத்தான் வருவார். கொழுந்தைத் தராசில் நிறுத்ததும் ஓட்டமும் நடையுமாய் வந்தேன்.

சட்டி கூட்டருகே இருந்தது.