ரெண்டு 'நீக்கு'

மாப்ள,

இன்று காலை தல்லாகுளம் பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது செல்போனில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. "அண்ணே, மொழிபெயர்ப்புப் பேச்சுக்குத் தனியா ஒரு குழு ஆரம்பிச்சிருக்கோம். வந்துருங்க." படித்ததும் உன் ஞாபகமும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. நீ இருந்திருந்தால் அந்தப் பயலைக் கூப்பிட்டுக் கிழித்திருப்பாய்.

கட்டற்ற மென்பொருளைத் தமிழில் கொண்டுவருகிறோம் என்று கிளம்பிய நாம், எழுதினால் எல்லோருக்கும் மின்னஞ்சலாகப் போகிற மடலாடற்குழு, இணையத்தில் கருத்துக்களம், அரட்டை அறை என்று ஆளுக்கொரு பக்கம் பேசிக்கொண்டிருந்தோம். கோப்பை அழிப்பதற்கு 'நீக்கு' என்று களத்தில் முடிவு செய்தார்கள். அழிக்காமல் கட்டளையை ரத்து செய்வதற்கும் 'நீக்கு' என்று அரட்டையில் முடிவு செய்தார்கள். இவர்கள் பேசியது அவர்களுக்குத் தெரியாது. மென்பொருள் வெளியானபோது 'அழிக்கவா?' என்ற கேள்விக்குக் கீழே இரண்டு பொத்தான்கள், இரண்டிலும் 'நீக்கு'! அலங்காநல்லூர் டீச்சர் ஒருவர் தட்டி வைத்திருந்த பரீட்சைத் தாள் அப்படியே போய்விட்டது. நம்மைத் தேடி வந்து கேட்டார்: "ரெண்டும் நீக்குன்னா நான் எதத் தம்பி அமுக்குறது?"

அன்றுதான் நீ வெடித்தாய். "எனக்கு வீட்டுல சௌராஷ்ட்ரம், வெளிய தமிழ். ரெண்டு பாஷைக்கும் ஒரு வாய்தான் வச்சிருக்கேன். நீங்க ஒரு பாஷைக்கு எம்புட்டு வாய்டா வச்சிருக்கீங்க?" நீயே ஆசையாகக் கட்டிய கருத்துக்களத்தை நீயே இழுத்து மூடினாய். இனி எல்லாம் மடலாடற்குழுவில்தான் என்றாய். நம்மோடு மொழிபெயர்த்த அவனியாபுரத்து முருகேசன் உன்னைச் சர்வாதிகாரி என்று தனித்தனியாக எல்லோருக்கும் எழுதினான். நீ சிரித்தாய். "திட்டுறதையும் இங்கனயே திட்டுடா. எல்லாரும் படிக்கட்டும்."

நீ படுக்கையில் விழுந்ததும் பழையபடி ஆளுக்கொரு மூலைக்குப் போய்விட்டார்கள். நீ போன செய்தியை நான் மடலாடற்குழுவில்தான் போட்டேன். முருகேசன் அந்தக் குழுவைப் படிப்பதையே விட்டிருந்தான். எல்லாம் முடிந்த பிறகு ஓடிவந்து உன் வீட்டு வாசலில் நின்று அழுதான். "சண்ட போட்டவன்னு எனக்கு மட்டும் சொல்லாம விட்டுட்டீங்களாண்ணே?" இங்கே இருக்கிற அவனியாபுரத்துக்கு உன் சாவுச் செய்தி போய்ச் சேரவில்லை.

அதனால் போக மாட்டேன், மாப்ள. யார் கூப்பிட்டாலும் போக மாட்டேன். குறுஞ்செய்திக்குப் பதில் போடாமல் மடலாடற்குழுவில் எழுதினேன்: "நான் எங்கேயும் வருவதாக இல்லை. பேச வேண்டியவர்கள் இங்கே வாருங்கள்."

மதியத்துக்குள் மடலாடற்குழுவுக்கே வந்துவிட்டார்கள். பழைய பஞ்சாங்கம் என்கிறான் ஒருவன். செத்தவன் பேரைச் சொல்லி நாட்டாமை பண்ணுகிறேனாம், இன்னொருவன் சொல்கிறான். "அண்ணே சொல்றது சரி, சொல்ற விதந்தான் சரியில்ல" என்று முருகேசனும் எழுதியிருக்கிறான்.

திட்டட்டும். இங்கனயேதான் திட்டுகிறார்கள்.