ஜி-க்கு அப்புறம் ஹெச் கிடையாதாம்

மார்ச் 4
கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் "கீழ் வரிசையில என்ன எழுத்து தெரியுது?" என்று ஊரையே கேட்கிறேன். வீட்டுக்கு வந்தால் அக்கா புருஷன் என்னைக் கேட்கிறார். பேஸ் கிதாரில் சி மேஜர் ஸ்வர வரிசை. சி, டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி, மறுபடி சி. ஜி-க்கு அப்புறம் ஹெச் என்று சொல்லித் தொலைத்தேன். மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

எல்லாம் அக்காவுக்காக. தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு அவள் பாடவே இல்லை. இப்போது, அவள் டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்தில் அவளுக்கு நடக்கும் பிரிவுபசார விழாவில் ஒரே ஒரு பாட்டு பாடுகிறேன் என்கிறாள். குரல் இன்று இருப்பதுபோல் நாளை இல்லை. எந்த ஸ்ருதி என்பது மேடையில்தான் தெரியும். மாமா கீபோர்டிலிருந்து ஸ்ருதியின் பெயர் சொல்வார், நான் அதைப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் அவள் நின்றுவிடுவாள். நின்றால் அப்புறம் வாயே திறக்க மாட்டாள். அவளை எனக்குத் தெரியும்.

மார்ச் 7
வரிசையாகக் கேட்டால் மளமளவென்று சொல்கிறேன். நடுவில் விரலை வைத்து "இது என்ன?" என்றால் போச்சு. சி-யிலிருந்து எண்ணிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. அதற்குள் பாட்டே முடிந்துவிடும்.

மார்ச் 8
இன்று கடையில் ஒரு பெரியவர், லென்ஸ் போடுவதற்கு முன்பே சார்ட்டைக் கடகடவென்று ஒப்பித்தார். காத்திருந்த நேரத்தில் மனப்பாடம் செய்திருக்கிறார். சார்ட்டை மாற்றியதும் திருதிருவென்று முழித்தார். சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை — நான் மட்டும் என்ன செய்துகொண்டிருக்கிறேன்?

மார்ச் 11
ஜி மேஜர். ஏழாவது இடத்துக்கு ஜி ஃப்ளாட் என்றேன். தப்பாம். எஃப் ஷார்ப்பாம், எஃப்-க்கு அரைப்படி மேலே. அதே கம்பி, அதே இடம், அதே சத்தம், இதில் என்ன தப்பு? கத்திவிட்டேன். மாமாவும் விடவில்லை.

"ஒவ்வொரு எழுத்தும் ஒரு தடவ வரணும். நீ ஜியை ரெண்டு தடவ சொல்லிட்டு எஃப்பை அம்போன்னு விட்டுட்ட."

அக்கா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "எனக்கு நீ தங்கச்சி, என் பொண்ணுக்குச் சித்தி. ஆள் ஒண்ணுதான். மாத்திக் கூப்பிட்டா நல்லாவா இருக்கும்?"

சொல்லி முடிப்பதற்குள் அவள் குரல் கம்மிவிட்டது. எனக்குப் புரிந்தது. எரிச்சல்தான் போகவில்லை.

மார்ச் 13
இனி வரிசை கிடையாது, தாறுமாறாகக் கேளுங்கள் என்று நானே மாமாவிடம் சொன்னேன். சந்தோஷமாகப் பழி வாங்குகிறார் மனுஷன்.

மார்ச் 16
விரல் நுனி எரிகிறது. ஈ ஃப்ளாட் மேஜரைக் கண்டுபிடித்தவன் நன்றாக இருக்கட்டும்.

மார்ச் 21
விழா. எஃப்-இல் ஆரம்பித்தோம். முதல் வரியிலேயே அக்காவின் குரல் உடைந்தது. நிறுத்திவிட்டாள். மைக் கீழே இறங்கியது.

மாமா ஸ்ருதியை இறக்கி "ஈ ஃப்ளாட்" என்றார். நான் எண்ணவில்லை. விரல் நேராகப் போய் உட்கார்ந்தது. அவள் திரும்பிப் பார்க்கும்வரை அதையே தட்டிக்கொண்டிருந்தேன். மைக்கைத் தூக்கினாள். கடைசிவரை பாடினாள். நடுவில் நான் ஒரு இடத்தில் சொதப்பினேன். போகட்டும்.

மார்ச் 23
காலையில் அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டே பாடினாள். யாரும் பாடச் சொல்லவில்லை. மாமா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, அவள் ஸ்ருதி டி என்றார். டி இல்லை, ஈ ஃப்ளாட் என்றேன். கிதாரை எடுத்து அடித்தும் காட்டினேன், நான்தான் சரி. அவர் ஒத்துக்கொண்டால்தானே? சத்தம் ஏறியது.

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடறீங்களா? இங்க ஒருத்தி பாடிட்டு இருக்கேன்ல."